இந்தியத் தத்துவ தரிசனங்களும் பொதிகை அடிவாரமும்

இந்தியத் தத்துவம் என்றதும் பொது அறிவுப் புத்தகங்களில் ஒரு பட்டியல் வரும். சாங்கியம், யோகம், நியாயம், வைசேடிகம், மீமாம்சை, வேதாந்தம் ஆகிய ஆறும் வேதத்தை ஏற்பவை. சார்வாகம், பௌத்தம், சமணம் ஆகிய மூன்றும் ஏற்காதவை. ஆறுக்கும் எதிரே ஆறு பெயர்கள்: கபிலர், பதஞ்சலி, கௌதமர், கணாதர், சைமினி, பாதராயணர். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் இதைப் 'பொருத்துக' வினாவுக்காக மனப்பாடம் செய்துவிட்டுத் தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவார்கள். அதில் பெரிய தவறும் இல்லை. வெறும் பெயர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இன்றைக்கு இவற்றால் என்ன பயன் என்று கேட்டால் அதற்கும் வழக்கமான ஒரு பதில் உண்டு. யோகாசனம், தியானம், மன அமைதி. அது பொய் இல்லை. ஆனால் இந்தத் தரிசனங்கள் மன அமைதியில் வளரவில்லை, சண்டையில் வளர்ந்தன. ஒன்றை ஒன்று விடாமல் மறுத்துக்கொண்டே பல நூற்றாண்டுகள் வாழ்ந்தன. அந்தச் சண்டைக்கு எழுதி வைத்த விதிகள் இருந்தன என்பதுதான் முக்கியம். நாம் தினமும் பேசும் 'விதண்டாவாதம்' என்ற சொல்லே அந்த விதிப் புத்தகத்திலிருந்து வந்தது. உண்மையைக் கண்டுபிடிக்கப் பேசுவது வாதம், ஜெயிப்பதற்காக மட்டும் பேசுவது செற்பம், தனக்கென்று ஒரு கொள்கையும் சொல்லாமல் எதிராளியை மட்டும் மறுத்துக்கொண்டே இருப்பது விதண்டை என்று கௌதமரின் நியாய சூத்திரம் மூன்றாகப் பிரிக்கிறது. அனுமானம், பிரமாணம், சித்தாந்தம் என்று வீட்டிலும் நீதிமன்றத்திலும் மேடையிலும் புழங்கும் சொற்களும் தர்க்க நூல்களில் ஊறியவைதான்.

இந்த விதிகள் வடமொழியில் மட்டும் இருந்தன என்று நினைத்துவிடக் கூடாது. தமிழில் இவற்றுக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. அதில் ஒரு முக்கியமான பகுதி கடையநல்லூர், தென்காசி, அம்பாசமுத்திரம் என்று மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிச் செல்லும் இந்த வட்டாரத்தோடு தொடர்புடையது.

மணிமேகலை கேட்ட பத்துப் பேர்

சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில் 27ஆவது காதையின் பெயர் 'சமயக் கணக்கர் தம் திறம் கேட்ட காதை'. மணிமேகலை ஆண் துறவியின் வடிவத்தில் வஞ்சி நகருக்குப் போகிறாள். அங்கே ஒவ்வொரு சமயக்காரராகப் பார்த்து உங்கள் கொள்கை என்ன என்று கேட்கிறாள். அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகவாதி, நிகண்டவாதி, சாங்கியவாதி, வைசேடிகவாதி, பூதவாதி என்று பத்துப் பேர் பதில் சொல்கிறார்கள். ஓர் இளம்பெண் நகரம் நகரமாகப் போய் ஆசிரியர்களை விசாரிப்பதாக ஒரு காப்பியம் கதை சொல்வதே வியப்பானது. அந்த வடிவத்தை எடுக்காமல் அவளால் விசாரிக்க முடியாது என்பதையும் காப்பியமே ஒப்புக்கொள்கிறது.

இந்தக் காதையிலும் 'ஆறு' வருகிறது. ஆனால் அது நம் புத்தகத்தில் உள்ள ஆறு இல்லை. உலோகாயதம், பௌத்தம், சாங்கியம், நையாயிகம், வைசேடிகம், மீமாம்சை ஆகியவையே சாத்தனார் சொல்லும் ஆறு. யோகம் இல்லை, வேதாந்தம் இல்லை. கடவுளே இல்லை என்ற உலோகாயதம் முதலில் நிற்கிறது. எட்டாம் நூற்றாண்டில் ஹரிபத்திரர் என்ற சமண ஆசிரியர் வடமொழியில் எழுதிய 'ஷட்தர்சன சமுச்சய'த்தில் இன்னொரு ஆறு. அதில் சமணம் உண்டு. இன்று பாடத்தில் வரும் ஆறும் பழைய மரபில் உள்ளதுதான் என்றாலும், அதை உலகம் முழுக்கப் பரப்பியதில் மாக்ஸ் முல்லர் 1899இல் வெளியிட்ட ஆறு தரிசனங்கள் பற்றிய நூலுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. ஆறு என்ற எண் மாறவில்லை, உள்ளே யார் என்பதுதான் ஆளுக்கு ஆள் மாறியது.

பத்துப் பேரில் கடைசியாகப் பேசும் பூதவாதி சுவையான ஆள். ஆத்திப்பூவையும் வெல்லக்கட்டியையும் மற்றவற்றையும் சேர்த்து ஊறவைத்தால் போதை பிறப்பது போல, பூதங்கள் சேர்ந்தால் உணர்வு பிறக்கிறது. பிரிந்தால் அது போய்விடுகிறது. கண்ணால் காண்பதுதான் அளவை, மற்றபடி கருதல் எல்லாம் வேண்டாம் என்கிறான். மணிமேகலை சிரிக்கிறாள். தன் முற்பிறப்பை அவள் சொல்ல, அவன் நம்ப மறுக்கிறான். அப்படியானால் உன் தாய் தந்தையை எதைக் கொண்டு அறிந்தாய், அதுவும் அனுமானம்தானே என்று அவள் கேட்கிறாள். மறுபிறப்பை நம்பாதவரும் இந்தக் கேள்வியின் கூர்மையை ரசிக்கலாம். 'நான் கண்ணால் கண்டதை மட்டும்தான் நம்புவேன்' என்று இன்றும் சொல்பவர்கள் இதற்குப் பதில் யோசித்துப் பார்க்கலாம்.

முதலில் பேசும் அளவைவாதி இன்னும் முக்கியம். ஒரு செய்தியை நாம் எந்த வழியில் அறிகிறோம் என்பதே அளவை, அதாவது பிரமாணம். அதில் எத்தனை வகை, ஒவ்வொன்றும் எப்படி, அளவை போலத் தோன்றி ஏமாற்றுபவை எவை என்று அவன் வரிசையாகச் சொல்கிறான். ஏமாற்றுபவை எட்டு. தூணோ மனிதனோ என்று தடுமாறுவது ஐயம். கிளிஞ்சலை வெள்ளி என்று எடுத்துக்கொள்வது திரியக்கோடல். வெட்டவெளியில் நிற்கும் தூணை ஆராயாமலேயே மனிதன் என்று முடிவு கட்டுவது தேராது தெளிதல். வாட்ஸ்அப்பில் வரும் செய்தியை முழுதாகப் படிக்காமலே அடுத்த குழுவுக்கு அனுப்புவதற்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்ச் சொல் கிடைக்காது.

பரபக்கம் என்ற பழக்கம்

மணிமேகலை பௌத்த நூல். அதற்குப் பின் எழுந்த நீலகேசி சமண நூல். குண்டலகேசி என்ற பௌத்தக் காப்பியத்துக்குப் பதிலாக எழுதப்பட்டது. இதிலும் ஊர் ஊராகப் போய் வாதம் செய்வது ஒரு பெண்தான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் எழுதினார். அது சைவ சித்தாந்த நூல். அதன் முதல் பாகத்துக்குப் பரபக்கம் என்று பெயர், இரண்டாவது பாகத்துக்குச் சுபக்கம் என்று பெயர். பரபக்கம் என்றால் பிறர் பக்கம், சுபக்கம் என்றால் தன் பக்கம்.

பரபக்கத்தில் உலோகாயதன் தொடங்கி, பௌத்தரில் நான்கு பிரிவினர், நிகண்டவாதி, ஆசீவகன், மீமாம்சையில் பட்டாசாரியன், பிரபாகரன் என்று வந்து பாஞ்சராத்திரி வரை பதினான்கு கொள்கைகள் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் முதலில் 'மதம்' என்ற பகுதி. அடுத்து 'மறுத்தல்' என்ற பகுதி. அதாவது எதிராளி சொல்வதை அவன் வாயாலேயே சொல்ல வைத்த பிறகுதான் மறுக்கலாம். உலோகாயதன் பேசும் பாடல்களில் உள்ள துள்ளலைப் பார்த்தால் அருணந்தி அவனை ரசித்தே எழுதியிருப்பார் என்று தோன்றும்.

இந்தப் பழக்கத்தை அந்நியர் ஒருவரும் செய்து காட்டினார். மத்திய ஆசியாவிலிருந்து வந்த அல்பிரூனி என்ற இஸ்லாமிய அறிஞர் கி.பி. 1030 வாக்கில் இந்தியாவைப் பற்றி அரபு மொழியில் ஒரு பெரிய நூல் எழுதினார். இந்துக்கள் சொல்வதை அவர்கள் சொல்கிறபடியே தருகிறேன், இது மறுப்பு நூல் அல்ல என்று முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார். சாங்கியத்தையும் பதஞ்சலியையும் அவர் அரபுக்கு மொழிபெயர்த்தார். தனக்கு உடன்பாடு இல்லாத கொள்கையைக் கற்றுக்கொள்ள வடமொழி படித்தவர் அவர்.

இதில் ஏமாறவும் வேண்டாம். மணிமேகலையில் கடைசியில் வெல்வது பௌத்தம், நீலகேசியில் வெல்வது சமணம், சித்தியாரில் வெல்வது சைவம். நடுவர் எப்போதும் நூலாசிரியர்தான். எதிராளிக்குக் கொடுத்த வாதங்கள் அவனுடைய சிறந்த வாதங்களா என்பதும் சந்தேகமே. ஆனாலும் அந்தப் பழக்கம் ஒரு பெரிய காரியத்தைச் செய்தது. ஆசீவகர்களின் சொந்த நூல் ஒன்றும் இன்று கிடைக்கவில்லை. உலோகாயதர்களின் மூல நூலும் இல்லை. குண்டலகேசியில் சில பாடல்களே மிஞ்சின. இவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது பெரும்பாலும் இவர்களை மறுத்தவர்களின் நூல்கள் வழியாகத்தான் தெரிகிறது. மறுப்பதற்காக எழுதி வைத்ததே காப்பாற்றிக் கொடுத்தது. எதிராளியின் பேச்சைச் சொல்லாமலே மறுக்கும் வழக்கம் இருந்திருந்தால் ஆசீவகம் என்ற பெயர்கூட நமக்கு வெறும் பெயராகவே இருந்திருக்கும்.

விக்கிரமசிங்கபுரத்துச் சிவஞான முனிவர்

கடையநல்லூரிலிருந்து தெற்கே தென்காசி, கடையம் வழியாகப் போனால் பாபநாசத்துக்குச் சற்று முன்னால் விக்கிரமசிங்கபுரம். பொதிகை மலையின் அடிவாரம், தாமிரபரணிக் கரை. இன்று பலருக்கு அது பஞ்சாலை ஊர். பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கே ஆனந்தக்கூத்தர், மயிலம்மை என்ற தம்பதிக்குப் பிறந்த முக்களாலிங்கர்தான் பின்னாளில் மாதவச் சிவஞான முனிவர் ஆனார். பள்ளிக்குப் போய்த் திரும்பும் வழியில் திருவாவடுதுறை ஆதீனத்துத் தம்பிரான்களைச் சந்தித்து, அவர்களை வீட்டுக்கு அழைத்துப் போய் உபசரித்து, அவர்களோடேயே கிளம்பிவிட்ட சிறுவன் என்று அவர் வரலாறு தொடங்குகிறது. 1785இல் மறைந்தார்.

சிவஞான போதத்துக்கு அவர் எழுதிய பேருரை சிவஞான மாபாடியம் எனப்படும். திராவிட மாபாடியம் என்றும் சொல்வார்கள். நெடுங்காலம் ஆதீனத்துக்குள் ஏட்டிலேயே இருந்து இருபதாம் நூற்றாண்டில்தான் அச்சுக்கு வந்தது. அதைவிட இந்தக் கட்டுரைக்குத் தேவையானது அவர் செய்த இன்னொரு வேலை. ஆந்திர நாட்டு அன்னம்பட்டர் பதினேழாம் நூற்றாண்டில் எழுதிய தர்க்க சங்கிரகத்தையும் அதற்கு அவரே எழுதிய உரையையும் சிவஞான முனிவர் தமிழாக்கினார்.

தர்க்க சங்கிரகம் ஒரு பாலபாடம். நியாயம், வைசேடிகம் இரண்டையும் சேர்த்துச் சுருக்கித் தொடக்க மாணவர்களுக்காக எழுதியது. வடமொழிக் கல்வியில் தர்க்கம் தொடங்குபவர்கள் இன்றும் இதில்தான் தொடங்குகிறார்கள். அது சைவ சித்தாந்த நூல் அல்ல. ஒரு சைவ மடத்துத் துறவி அதைத் தமிழில் செய்ததற்குக் காரணம் எளிது. அளவை தெரியாதவன் மாபாடியத்தைப் படிக்க முடியாது. எதிராளியின் கருவியைக் கையில் எடுக்கத் தெரியாதவன் எதிராளியோடு பேச முடியாது.

அவர் சாதுவானவர் இல்லை. வைத்தியநாத தேசிகரின் இலக்கண விளக்கத்தை மறுத்து அவர் எழுதிய நூலுக்கு 'இலக்கண விளக்கச் சூறாவளி' என்று பெயர் வைத்தார். சித்தியாருக்கு முன்னரே உரை எழுதியிருந்த ஞானப்பிரகாச முனிவரை மறுத்து 'சிவசமவாத உரை மறுப்பு' எழுதினார். அந்த ஞானப்பிரகாசர் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பிறந்தவர். போர்த்துக்கீசியர் ஆட்சியில் முறை வைத்து ஆளுக்கொரு பசு கொடுக்க வேண்டும் என்ற கட்டளைக்கு அஞ்சி ஊரைவிட்டு வெளியேறினார் என்று அவரைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. இருவரும் சைவர்கள், இருவரும் ஒரே நூலுக்கு உரை எழுதியவர்கள். முத்தியில் உயிர் சிவனுக்குச் சமம் ஆகுமா என்ற கேள்வியில் பிரிந்தார்கள். கடுமையான மறுப்புதான். ஆனால் அந்தக் கடுமைக்குள் எந்தச் சொல்லுக்கு என்ன பொருள், எந்த ஏதுவால் எந்த முடிவு என்ற கணக்கு தவறாமல் இருக்கிறது. நம் தொலைக்காட்சி விவாதங்களில் கடுமை மட்டும் மிச்சம் இருக்கிறது.

மலையில் தெரிவது புகையா, சாரலா?

தர்க்க நூல்களில் சலிக்கச் சலிக்க வரும் எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. இந்த மலையில் நெருப்பு இருக்கிறது. ஏனென்றால் புகை தெரிகிறது. எங்கே புகை உண்டோ அங்கே நெருப்பு உண்டு, அடுக்களை போல. குற்றாலம் பக்கத்து ஆட்களுக்கு இதில் உள்ள ஓட்டை உடனே தெரியும். ஆனி, ஆடி மாதங்களில் மலை முகட்டில் புகை போலத் தெரிவதெல்லாம் புகை அல்ல, சாரல் மேகம். நியாய நூலார் இதையும் விடவில்லை. ஆவியைப் புகை என்று எண்ணி நெருப்பு உண்டு என்று முடிவுகட்டுவதைப் போலி ஏதுவுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள்.

இன்னொரு எடுத்துக்காட்டு ஆற்றைப் பற்றியது. ஆற்றில் வெள்ளம் வந்தால் மேலே மழை பெய்திருக்கிறது என்று கருதுவது. மணிமேகலையிலும் இது வருகிறது. நியாய சூத்திரத்தில் எதிர்வாதி குறுக்கிடுகிறான்: எங்காவது தண்ணீர் அடைபட்டாலும் ஆறு நிறையுமே? வாத்சியாயனர் என்ற உரைகாரர் அதற்குப் பதில் சொல்கிறார். வெறுமனே தண்ணீர் நிறைவதைப் பார்த்தால் போதாது. நீரின் வேகம், நுரை, அடித்துக்கொண்டு வரும் இலை, காய், மரக்கட்டை எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். கருப்பாநதிக் கரையில் வயல் வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அணை திறந்த தண்ணீருக்கும் மலையில் பெய்த தண்ணீருக்கும் நிறமே வேறு.

இது ஏட்டுக் கணக்கு மட்டும் அல்ல. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் பெருகி, குளித்துக்கொண்டிருந்தவர்களில் ஒரு சிறுவன் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான். அருவியில் நிற்பவருக்கு மேலே மலையில் பெய்யும் மழை தெரியாது. காட்சி அங்கே உதவாது, கருதலும் பிறர் எச்சரிக்கையும்தான் உதவும்.

பிறர் சொல்வதை நம்புவதற்குத்தான் 'உரை' என்ற அளவை. சித்தியார் அளவைகளைக் காட்சி, கருதல், உரை என்ற மூன்றில் அடக்குகிறது. உரையை ஏற்காதவர்களும் உண்டு. பௌத்தத் தர்க்கம் காட்சி, கருதல் என்ற இரண்டோடு நிறுத்திக்கொண்டது, வைசேடிகரும் அப்படியே. ஏற்றவர்கள் நிபந்தனை போட்டார்கள். சொல்பவர் ஆப்தராக இருக்க வேண்டும். அதாவது விஷயத்தை நேரே அறிந்தவராகவும், அறிந்ததை அப்படியே சொல்ல விரும்புபவராகவும் இருக்க வேண்டும். இந்த இலக்கணம் முனிவருக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் பொது என்று வாத்சியாயனர் எழுதியிருப்பது கவனிக்கத்தக்கது. யார் என்பது கேள்வி இல்லை, தெரிந்து சொல்கிறாரா, மறைக்காமல் சொல்கிறாரா என்பதே கேள்வி. வேதத்தை ஏற்ற தரிசனத்தின் உரைகாரர் இப்படி எழுதினார். அதே சமூகம் பிறப்பைப் பார்த்தே பேச்சுக்கு மதிப்பு கொடுத்தது என்பதும் உண்மைதான். தர்க்க நூலில் எழுதிய விதி தெருவுக்கு இறங்கவில்லை. மணிமேகலையும் நீலகேசியும் காப்பியத்தில் வாதம் செய்தார்கள் என்பதால் ஊரில் பெண்களுக்கு வாதம் செய்ய இடம் இருந்தது என்று ஆகிவிடாது.

சங்கரன்கோவிலிலிருந்து கழுகுமலைக்கு

கடையநல்லூருக்குக் கிழக்கே சங்கரன்கோவில். சங்கன், பதுமன் என்ற இரண்டு நாக அரசர்கள் சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று வாதம் செய்தார்கள். தீர்ப்புக்காக அம்மனிடம் போனார்கள். அம்மன் தவம் இருக்க, ஒரு பாதி சிவனும் மறு பாதி திருமாலுமாகச் சங்கரநாராயணர் காட்சி கொடுத்தார். ஆடித்தபசுத் திருவிழா இந்தக் கதையைத்தான் ஆண்டுதோறும் நடத்திக் காட்டுகிறது. பரபக்கத்தில் பாஞ்சராத்திரியை மறுத்த வாதத்தை மக்கள் வேறு மாதிரி முடித்துக்கொண்டார்கள் எனலாம்.

தென்காசியில் பிறந்து தக்கலையில் அடங்கிய பீர் முகம்மது அப்பாவையும் இங்கே சொல்ல வேண்டும். சூஃபி ஞானியான அவர், சித்தர்களும் வேதாந்திகளும் புழங்கிய தமிழ்ச் சொற்களை எடுத்து ஏக இறைவனைப் பாடினார். அவருடைய ஞானப்புகழ்ச்சியைத் தக்கலையில் இன்றும் கூடி ஓதுகிறார்கள்.

எல்லா வாதமும் இப்படி முடியவில்லை. ஏழாம் நூற்றாண்டில் மதுரையில் திருஞானசம்பந்தருக்கும் சமணருக்கும் நடந்த அனல்வாதம், புனல்வாதம் பற்றியும், தோற்ற எண்ணாயிரம் சமணர் கழுவேறியது பற்றியும் பெரியபுராணம் சொல்கிறது. ஏட்டைத் தீயிலும் ஆற்றிலும் இட்டு முடிவு காண்பது அளவை நூலில் இல்லாத முறை. கழுவேற்றம் உண்மையில் நடந்ததா என்று ஆய்வாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். பெரியபுராணம் பன்னிரண்டாம் நூற்றாண்டு நூல், சமணர் தரப்பில் இதற்கு நேரடிப் பதிவு இல்லை. நடந்ததோ இல்லையோ, தோற்றவனுக்கு அதுதான் கதி என்று கோயில் சுவர்களில் தீட்டியும் திருவிழாவில் நடித்தும் கொண்டாடியிருக்கிறார்கள். பரபக்கம் எழுதிய அதே மரபுதான் இதையும் செய்தது. ஒன்றை மட்டும் சொல்லிப் பெருமைப்படுவது நேர்மை ஆகாது.

சங்கரன்கோவிலிலிருந்து இன்னும் கிழக்கே போனால் கழுகுமலை. வெட்டுவான் கோயிலைப் பார்க்க வருபவர்கள் பலர். அதே பாறையில் சமணத் தீர்த்தங்கரர்களின் உருவங்கள் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அதாவது சம்பந்தர் காலத்துக்குப் பிறகும் பாண்டிய நாட்டில் சமணம் நன்றாகவே வாழ்ந்திருக்கிறது. உருவங்களுக்குக் கீழே வட்டெழுத்தில் செய்வித்தவர் பெயர்கள். குரவர் என்ற ஆண் ஆசிரியர்களும் குரத்தியர் என்ற பெண் ஆசிரியர்களும், அவர்களுடைய மாணாக்கர்களும் அதில் இருக்கிறார்கள். மணிமேகலை போல மாறுவேடம் போடாமலே கற்பித்த பெண்கள் இவர்கள். அங்கே தங்கிச் சித்தாந்தம் உரைக்கும் துறவிகளுக்கு உணவு அளிக்க வைத்த கொடையும் கல்லில் பதிவாகியிருக்கிறது. என்ன உரைத்தார்கள், யாரை எப்படி மறுத்தார்கள் என்று அந்தக் கல்வெட்டுகள் சொல்வதில்லை. பெயர்களும் கொடைகளும்தான் இருக்கின்றன.